சமூக உளவியலை எடைபோடுவது: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உளவியல் படிப்பவர்களுக்கு "சமூக அணுகுமுறையை மதிப்பிடுக" என்ற கேள்வி ஒரு தடவையாவது வந்தே தீரும். விடைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: நிறை நான்கு, குறை நான்கு, கடைசியில் "இருப்பினும் இது பயனுள்ள அணுகுமுறையே". விடைத்தாள் திருத்திய காலத்தில் அந்த "இருப்பினும்" வரும் வரியில் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். என்னிடம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளையும், கேட்டிருக்கலாமே என்று நான் நினைத்தவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

சமூக அணுகுமுறை என்றால் சுருக்கமாக என்ன?

ஒருவர் ஏன் இப்படி நடந்துகொண்டார் என்பதற்கு அவருடைய மூளையிலோ மரபணுவிலோ குழந்தைப் பருவத்திலோ முதலில் விடை தேடாமல், அவரைச் சுற்றி நிற்கும் மனிதர்களிடம் தேடுவது. சொல்வது யார், கூட இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், "நம்ம ஆள்" யார், "அவங்க ஆள்" யார் என்று பார்ப்பது. கீழ்ப்படிதல், கூட்டத்தோடு ஒத்துப்போதல், தப்பெண்ணம், ஆபத்தில் உதவுதல் ஆகியவை இதில் அதிகம் பேசப்படும் தலைப்புகள்.

"மதிப்பிடுக" என்றால் குறை சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு ஆய்வு கண்டதையும் அதை வைத்துச் சொல்லப்படுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று சொல்வதுதான் மதிப்பீடு. என் அனுபவத்தில் அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு: சொன்னபடி நடக்காதவர்களைத் தேடுங்கள். பாடப்புத்தகம் 65 சதவீதம் என்று சொன்னால், மீதி 35 சதவீதம் பேர் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். இந்தத் துறையின் பலமும் பலவீனமும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

எல்லோரும் மில்கிராம், மில்கிராம் என்கிறார்களே, அந்த அறையில் அப்படி என்னதான் நடந்தது?

ஸ்டான்லி மில்கிராம் 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. முதல் முடிவுகள் 1963இல் வந்தன. நாளிதழ் விளம்பரம் பார்த்து வந்த 40 ஆண்கள், வயது 20 முதல் 50. ஆளுக்கு நாலரை டாலர், வந்து நின்றாலே அது கிடைத்துவிடும். தண்டனை கொடுத்தால் நினைவாற்றல் வளருமா என்று பார்க்கிறோம் என்று அவர்களிடம் சொன்னார்கள். யார் ஆசிரியர், யார் மாணவர் என்று சீட்டுப் போட்டார்கள். இரண்டு சீட்டிலும் "ஆசிரியர்" என்றுதான் எழுதியிருந்தது. "மாணவர்" ஆனவர் ஏற்கெனவே சொல்லிவைத்து அழைத்துவந்த 47 வயதுக் கணக்காளர்.

அவரைப் பக்கத்து அறையில் நாற்காலியில் கட்டிப்போட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு பெரிய பெட்டி, அதில் வரிசையாக 30 சுவிட்சுகள். 15 வோல்டில் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் 15 கூடி 450இல் முடியும். அடியில் எழுத்து: "இலேசான அதிர்ச்சி" என்று ஆரம்பித்து "ஆபத்து: கடும் அதிர்ச்சி" வரை போகும். கடைசி இரண்டு சுவிட்சுகளில் சொல்லே கிடையாது, மூன்று பெருக்கல் குறிகள் மட்டும். நம்பிக்கை வரட்டும் என்று ஆசிரியருக்கே 45 வோல்ட் ஷாக் ஒன்று கொடுத்துக் காட்டினார்கள். அந்த ஒன்றுதான் நிஜம்.

மாணவர் தப்பாகச் சொன்னால் அடுத்த சுவிட்ச். 300 வோல்டில் அவர் சுவரை உதைப்பார். 315இல் மறுபடி உதைப்பார். அப்புறம் சத்தமே இருக்காது. ஆசிரியர் தயங்கினால், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஆய்வாளர் நான்கு வாக்கியங்களை வரிசையாகச் சொல்வார். "தயவுசெய்து தொடருங்கள்" என்பது முதலாவது. "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்" என்பது நான்காவது.

40 பேரில் 26 பேர் 450 வரை போனார்கள். 300க்கு முன்னால் யாரும் நிறுத்தவில்லை. 300இல் ஐந்து பேர் எழுந்துவிட்டார்கள், 315இல் நான்கு பேர், பிறகு ஒருவர் இருவராக இன்னும் ஐந்து பேர். கடைசிவரை போனவர்கள் குஷியாகப் போகவில்லை. வியர்த்தார்கள், நடுங்கினார்கள், பதினான்கு பேர் காரணமில்லாமல் சிரித்தார்கள், மூன்று பேருக்கு வலிப்புப் போல உடம்பு உதறியது.

அந்த 65 சதவீதம் எதை நிரூபிக்கிறது?

தனியாக எடுத்தால், சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எதையும் இல்லை. ஒப்பிட எதுவும் இல்லாத ஒற்றை எண் அது. மில்கிராமின் உண்மையான சாதனை, அதற்குப் பின் சூழ்நிலையை ஒவ்வொரு கூறாக மாற்றிப் பார்த்தது. மாணவரை அதே அறைக்குக் கொண்டுவந்ததும் 40 சதவீதம். மாணவரின் கையைத் தானே பிடித்துத் தகட்டில் அழுத்த வேண்டும் என்றதும் 30. ஆய்வாளர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் கட்டளையிட்டபோது சுமார் 20. யேலின் பெயர் இல்லாமல், பிரிட்ஜ்போர்ட் நகரில் ஒரு சாதாரண அலுவலகக் கட்டடத்தில் செய்தபோது 47.5. கூட இருந்த இரண்டு "ஆசிரியர்கள்" மறுத்து எழுந்தபோது 10.

மனிதர்கள் அதே ஊர்க்காரர்கள், பெட்டியும் அதேதான். சூழலில் ஒன்றை மாற்றினால் எண் எங்கேயோ போய்விடுகிறது. சமூக அணுகுமுறைக்கு இதைவிட நல்ல வக்காலத்து கிடையாது. "மனிதன் இயல்பிலேயே கீழ்ப்படிபவன்" என்று எழுதும் மாணவர் இந்த ஆய்வைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

அது கீழ்ப்படிதல்தானா என்றே சிலர் சந்தேகப்படுகிறார்களாமே?

ஆமாம், எனக்கு மிகவும் பிடித்த விவாதம் இது. மாணவரின் எதிர்ப்புக் குரல் ஆசிரியருக்குக் கேட்கும்படி மில்கிராம் செய்த இன்னொரு வடிவத்தை, ஜெரி பர்கர் 2009இல் 150 வோல்டோடு நிறுத்தித் திரும்பச் செய்தார். 150ஐத் தாண்டவும் தயாராக இருந்தவர்கள் 70 சதவீதம். அந்த வடிவத்தில் அதே கட்டத்தில் மில்கிராமுக்குக் கிடைத்தது 82.5. அரை நூற்றாண்டில் பெரிய மாற்றமில்லை என்று சொல்லி எல்லோரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். பர்கரின் பதிவுகளைத் தோண்டியபோது இன்னொன்று கிடைத்தது. நான்கு வாக்கியங்களில் கடைசி ஒன்றுதான் அப்பட்டமான கட்டளை. அது சொல்லப்பட்ட பிறகு ஒருவர்கூடத் தொடரவில்லை.

"வேறு வழியில்லை" என்றதும் "ஏன் இல்லை?" என்று எழுந்துவிட்டார்கள். "சோதனைக்கு நீங்கள் தேவை" என்றால் உட்கார்ந்தார்கள். இதை வைத்து ஸ்டீபன் ரெய்ச்சரும் அலெக்ஸ் ஹஸ்லமும் வேறு விளக்கம் தருகிறார்கள்: இவர்கள் அதிகாரத்துக்குப் பணியவில்லை, அறிவியல் என்ற நல்ல காரியத்தில் தங்களையும் ஒரு பங்காளியாக நினைத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த விளக்கம் பழையதைவிட அதிகமாக உறைக்கிறது. பயந்து அடிபணிபவனைவிட, நல்லது செய்வதாக நம்பிக்கொண்டு சுவிட்சைத் தட்டுபவன் ஆபத்தானவன்.

எல்லாம் நாடகம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால்?

நியாயமான கேள்வி. மார்ட்டின் ஆர்னும் சார்லஸ் ஹாலண்டும் 1968லேயே இதைக் கேட்டார்கள். ஒருவர் உயிருக்குப் போராடும்போது ஆய்வாளர் மட்டும் அசையாமல் நிற்கிறாரே, இதை யார் நம்புவார்கள் என்றார்கள். பிறகு ஜினா பெர்ரி மில்கிராமின் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய தாள்களைப் புரட்டினார். ஷாக் நிஜம் என்று முழுமையாக நம்பியதாகச் சொன்னவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். பெர்ரியின் குழு 2020இல் வெளியிட்ட மறு ஆய்வில், நம்பியவர்கள்தான் அதிகமாக மறுத்திருக்கிறார்கள் என்று வந்தது. இதை "உள் ஏற்புடைமை குறைவு" (அளக்க நினைத்ததை ஆய்வு சரியாக அளக்கவில்லை) என்ற மூன்றே சொல்லில் எழுதி நகர்ந்துவிடாதீர்கள். நம்பாதவர்களைக் கழித்துவிட்டால் 65 என்ற எண்ணும் கீழே இறங்கும் என்றும் எழுதுங்கள்.

ஆஷின் கோட்டுச் சோதனை கூட்டத்தின் சக்தியைத்தானே காட்டுகிறது?

பாதிதான். 1950களில் சாலமன் ஆஷ் செய்தது எளிமையானது: ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் இதே நீளம் உள்ளது எது என்று கேட்பது. அறையில் இருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் சொல்லிவைத்த ஆட்கள், வேண்டுமென்றே தப்பாகச் சொல்பவர்கள். உண்மையான பங்கேற்பாளர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். தப்பாகச் சொல்லத் தூண்டிய சுற்றுகளில் கிடைத்த விடைகளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு சரியான விடைகள் என்பதும், கால்வாசிப் பேர் ஒரு தடவைகூட அசையவில்லை என்பதும் அடிக்குறிப்புக்குப் போய்விடும். உண்மையைச் சொல்ல அறையில் இன்னும் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் ஒத்துப்போதல் மளமளவென்று சரிந்தது.

1980இல் பிரிட்டனில் பெரினும் ஸ்பென்சரும் பொறியியல், அறிவியல் மாணவர்களிடம் இதைச் செய்தார்கள். 396 வாய்ப்புகளில் ஒன்றே ஒன்றில்தான் ஒத்துப்போதல். அளவெடுப்பதே தொழிலாகப் போகிறவர்கள் கோட்டின் நீளத்தில் விட்டுக்கொடுப்பார்களா என்ன! ஆனால் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த இளைஞர்களைக் கண்காணிப்பு அதிகாரிகளோடு உட்கார வைத்தபோது, ஆஷின் எண்களுக்குப் பக்கத்தில் வந்தது. கூட்டம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, யாருடைய கூட்டம் என்பதும் வேண்டும்.

குழு என்று பிரித்தாலே சண்டை வந்துவிடுமா?

முசாஃபர் ஷெரிஃப் 1954இல் ஒக்லஹோமாவில் ராபர்ஸ் கேவ் என்ற இடத்தில் 22 சிறுவர்களை முகாமுக்குக் கூட்டிப்போனார். இரண்டு அணிகள், பரிசுக்கான போட்டிகள். கொடியை எரிப்பதும் அறைக்குள் புகுந்து சூறையாடுவதுமாக நிலைமை போனது. பிறகு தண்ணீர்க் குழாய் அடைப்பு, நகர மறுத்த லாரி என்று இரு அணியும் சேர்ந்தால்தான் தீரும் சிக்கல்களைக் கொடுத்ததும் பகை தணிந்தது.

அதற்கு முந்தின ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் மிடில் குரோவ் என்ற இடத்தில் ஷெரிஃப் இதையே முயன்று தோற்றார். அங்கே பையன்கள் அணி பிரிவதற்கு முன்பே நண்பர்களாகிவிட்டிருந்தார்கள். யாரோ பெரியவர்கள்தான் நம்மை மூட்டிவிடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, சண்டை போட மறுத்துவிட்டார்கள். ஆய்வு பாதியில் கைவிடப்பட்டது. வெற்றிபெற்ற முகாம் பாடமானது, தோற்ற முகாம் பல பத்தாண்டுகள் பேசப்படாமலே கிடந்தது. அந்தத் தோல்வியும் ஒரு முடிவுதானே?

இதற்கு நேர்மாறான பக்கத்தில் ஹென்றி தாஜ்ஃபெல். போட்டியே தேவையில்லை, பெயருக்குப் பிரித்தாலே போதும் என்றார். 1970இல் வெளிவந்த ஆய்வில், பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பையன்களை கிளீ, கண்டின்ஸ்கி என்ற ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கும் என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் கண்ணை மூடிக்கொண்டு பிரித்ததுதான். புள்ளி பங்கிடச் சொன்னபோது, தன் குழுவுக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்று பலர் கொடுத்தார்கள். ஹிட்லரின் ஆட்சியில் குடும்பத்தைப் பறிகொடுத்த போலந்து யூதர் தாஜ்ஃபெல். அவருக்கு இது வெறும் புள்ளிக்கணக்கு இல்லை. ஆனாலும் பள்ளிப் பையன்கள் தாளில் போட்ட புள்ளியிலிருந்து இனப்பகைக்குத் தாவ நடுவில் நிறையப் படிகள் வேண்டும். வரலாறு, நிலம், பணம், அரசியல் எதுவும் அந்த வகுப்பறையில் இல்லை.

ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை விடையில் சேர்க்கலாமா?

சேருங்கள், ஆனால் எச்சரிக்கை உதாரணமாக. மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து ஒரு போலிச் சிறையில் நடிக்க வைத்த ஆய்வு அது. 1971இல் பிலிப் ஜிம்பார்டோ இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறே நாளில் நிறுத்தினார். காவலர்களாக நடித்த மாணவர்கள் தானாகவே கொடூரமானார்கள் என்பதுதான் கதை. காவலர் ஒருவரை இன்னும் கடுமையாக நடந்துகொள்ளச் சொல்லி ஆய்வுக் குழுவே வற்புறுத்தும் ஒலிப்பதிவு பின்னாளில் வெளியே வந்தது. சொல்லிக்கொடுத்ததைத் "தானாக" என்று எழுத முடியாது.

கூட்டம் அதிகமானால் உதவி குறையும் என்பது உறுதிதானா?

1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்தச் செய்தி பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்று அதே நாளிதழ் 2016இல் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்தத் தப்பான செய்தியிலிருந்து நல்ல ஆய்வு பிறந்தது. ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் 1968இல், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கூடக் கூட உதவி தாமதமாவதை ஆய்வுக்கூடத்தில் காட்டினார்கள். பொறுப்பு பங்கு பிரிந்துபோகிறது என்றார்கள்.

1969இல் வெளிவந்த ஆய்வுக்காக இர்விங் பிலியாவின் என்பவரின் குழு நியூயார்க் சுரங்க ரயிலில் இறங்கியது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஏழரை நிமிடம் வண்டி நிற்காது. நடுவில் ஒருவர் சரிந்து விழுவார். கைத்தடியோடு விழுந்தவருக்கு 65 முறையில் 62 முறை யாரும் சொல்லாமலே உதவி வந்தது. சாராய நெடியோடும் கையில் பாட்டிலோடும் விழுந்தவருக்கு 38இல் 19. பெட்டியில் ஆள் அதிகம் என்பதால் உதவி குறையவில்லை. ஆய்வுக்கூடத்தில் அடுத்தவர் குரல் மட்டும் கேட்கிறது. ரயிலில் கண்ணெதிரே ஆள் கிடக்கிறார், தப்பித்துப் போகவும் வழியில்லை. 2020இல் வெளிவந்த ஒரு ஆய்வு ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்தது. பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் குறுக்கே புகுந்து தடுத்திருக்கிறார்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்குப் பொருந்துமா?

2010இல் ஜோசப் ஹென்ரிக்கும் கூட்டாளிகளும் இதைத்தான் உரக்கக் கேட்டார்கள். முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் வெறும் 12 சதவீதம் இருக்கும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். மறுபக்கம், மில்கிராம் பாணி ஆய்வுகள் ஜோர்டான், ஜெர்மனி, ஆஸ்திரேலியா, போலந்து என்று பல நாடுகளில் நடந்திருக்கின்றன. கீழ்ப்படிதல் எல்லா இடத்திலும் இருக்கிறது, அளவு மாறுகிறது. செய்முறையும் நாட்டுக்கு நாடு மாறியதால் அந்த எண்களை வரிசையாக அடுக்கிப் பெரியது சிறியது பார்க்காதீர்கள்.

இந்தியாவுக்கு இதில் நேரடியான பங்கு ஒன்று உண்டு. பலருக்குத் தெரியாது. 1934 ஜனவரியில் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் திரட்டினார். அதிர்வை உணர்ந்தும் சேதம் எதுவும் இல்லாத ஊர்களில், இதைவிடப் பெரிய ஆபத்து வரப்போகிறது என்ற வதந்திதான் அதிகம். பின்னர் துர்கானந்த் சின்ஹா டார்ஜிலிங் நிலச்சரிவை ஆராய்ந்தார். நிஜமாகவே வீடு சரிந்த இடத்தில் அப்படி வதந்தி இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்த லியோன் ஃபெஸ்டிங்கர், பயத்தை உண்டாக்க வதந்தி பிறக்கவில்லை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் பயத்துக்குக் காரணம் தேடித்தான் பிறக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ஒன்றோடொன்று மோதும் எண்ணங்களை மனம் எப்படியாவது சரிக்கட்டப் பார்க்கும் என்ற அவருடைய மன முரண்பாட்டுக் கொள்கையின் ஒரு வேர் அது.

ஆளின் குணம் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. மில்கிராமின் பல சுற்றுகளிலும் கடைசிவரை போனவர்களிலும் மறுத்தவர்களிலும் இருபது இருபது பேரை ஆலன் எல்ம்ஸும் மில்கிராமும் பின்னர் வரவழைத்துச் சோதித்தார்கள். மேலே இருப்பவருக்குப் பணிந்து கீழே இருப்பவரை அடக்கும் மனப்பான்மைக்கான மதிப்பெண், போனவர்களிடம் கூடுதல். சூழ்நிலையை மட்டும் வைத்து 26ஐ விளக்கலாம், 14ஐ விளக்கக் குணமும் வேண்டியிருக்கிறது.

ஒழுக்க நெறிப் பிரச்சினையைப் பற்றி எவ்வளவு எழுதலாம்?

ஒரு பத்தி போதும். டயானா பாம்ரிண்ட் 1964லேயே மில்கிராமைக் கண்டித்தார். தான் யாரையோ வதைக்கக்கூடியவன் என்ற அறிவை, கேட்காத ஒருவரின் தலையில் ஏற்றி அனுப்புவது சரியா என்பதுதான் சாரம். பின்னால் அனுப்பிய கேள்வித்தாளில் 84 சதவீதம் பேர் கலந்துகொண்டதில் மகிழ்ச்சி என்றார்கள் என்று மில்கிராம் பதில் சொன்னார். ஆனால் பலருக்கு ஷாக் பொய் என்ற முழு உண்மை மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரிந்தது. நெறி மீறலை ஆய்வின் ஏற்புடைமையோடு குழப்பாதீர்கள். ஏமாற்றிச் செய்த ஆய்வின் முடிவு சரியாகவும் இருக்கலாம்.

திரும்பச் செய்து பார்த்தால் அதே முடிவு வருகிறதா?

பல நேரம் வருவதில்லை. 2015இல் வெளிவந்த ஒரு பெரும் கூட்டு முயற்சி 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தது. சமூக உளவியலில் தேறியது கால்வாசி, அறிதல் உளவியலில் பாதி.

நடைமுறையில் ஏதாவது பயன் உண்டா?

எனக்குப் பிடித்தது 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் செய்தது. வெள்ளை, கறுப்பு, ஸ்பானிய வம்சாவளிப் பிள்ளைகள் முதல் முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்த காலம், ஒரே கைகலப்பு. அவர் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். பக்கத்தில் இருப்பவன் திக்கித் திக்கிச் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டால்தான் தனக்கு மதிப்பெண். ஷெரிஃபின் முகாமில் லாரியைத் தள்ளிய அதே தந்திரம், இங்கே புத்தகத்தோடு.

மதிப்பீட்டுப் பத்தி ஒன்றை எழுதிக் காட்ட முடியுமா?

முடியும். ஹாஃப்லிங்கின் செவிலியர் ஆய்வை எடுத்துக்கொள்வோம்.

"மில்கிராமின் ஆய்வு செயற்கையானது என்ற குறைக்கு ஹாஃப்லிங் குழுவின் 1966 ஆய்வு பதிலாகக் காட்டப்படுகிறது. முன்பின் தெரியாத ஒரு மருத்துவர் தொலைபேசியில் அழைத்து, பெட்டியில் 10 மில்லிகிராம்தான் உச்ச அளவு என்று எழுதியிருந்த மருந்தை 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். 22 செவிலியரில் 21 பேர் கொடுக்கப் போனார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு 33 பேரைக் கேட்டபோது, கொடுக்க மாட்டோம் என்றவர்கள் 31 பேர். உண்மையான வார்டில், உண்மையான வேலை நேரத்தில் நடந்ததால் இந்த ஆய்வுக்கு மதிப்பு அதிகம். ஆனால் அந்த மருந்து செவிலியர் யாரும் கேள்விப்படாதது, கலந்துபேசப் பக்கத்தில் ஆளும் இல்லை. வார்டில் வழக்கமாக இந்த இரண்டும் இப்படி இருப்பதில்லை. 1977இல் ராங்க்கும் ஜேக்கப்சனும் செவிலியர் எல்லோருக்கும் தெரிந்த வேலியம் என்ற அமைதி மருந்தை வைத்து, சக செவிலியரிடம் பேசவும் விட்டுச் செய்து பார்த்தார்கள். அளவுக்கு மிஞ்சிய அந்த மருந்தை மறுபேச்சின்றிக் கொடுக்கத் தயாரானவர்கள் 18 பேரில் இரண்டு பேர்தான்."